போர்ட் பிளேர்: எத்தனை தூரம், எத்தனை நேரம்?

வடசென்னைக்காரருக்கு அந்தமான் போக இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று மீனம்பாக்கம் விமான நிலையம். இன்னொன்று ராஜாஜி சாலையை ஒட்டிய சென்னைத் துறைமுகம். விமானம் இரண்டேகால் மணி நேரத்தில் போய்ச் சேரும் என்பார்கள், கப்பலுக்கு மூன்று நாள் என்பார்கள். இரண்டும் பொய்யில்லை. ஆனால் இந்த எண்களை மட்டும் நம்பிப் பயணத்தைத் திட்டமிட்டால் கணக்கு இடிக்கும். திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும் நேரத்திலிருந்து, அங்கே தங்குமிடத்தில் பையை இறக்கி வைக்கும் நேரம் வரைக்குமான கணக்கே உண்மையான பயண நேரம். அதைப் போடுவதற்கு வேண்டியவற்றை இந்த அத்தியாயம் சொல்கிறது.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 செப்டம்பரில் மத்திய அரசு போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டியது. பேச்சில் இன்னும் பழைய பெயரே புழங்குகிறது. டிக்கெட் தேடும்போது எந்தப் பெயரில் கண்ணில் பட்டாலும் ஊர் ஒன்றுதான். விமான நிலையத்தின் பெயர் வீர் சாவர்க்கர் பன்னாட்டு விமான நிலையம், மூன்றெழுத்துக் குறியீடு ஐஎக்ஸ்இசட். அந்தக் குறியீட்டைப் போட்டுத் தேடினால் குழப்பமே வராது.

தூரத்தை நீங்களே கணக்கிடலாம்

சென்னையிலிருந்து போர்ட் பிளேர் 1,190 கிலோமீட்டர் என்று பல சுற்றுலாக் கையேடுகளில் அச்சாகியிருக்கும். ஒரு கையேட்டைப் பார்த்து இன்னொன்று எழுதி, அந்த எண் அப்படியே நிலைத்துவிட்டது. அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்துக் கணக்குப் போட்டால் 1,370 கிலோமீட்டர் அளவில் வருகிறது. வித்தியாசம் 180 கிலோமீட்டர். சென்னையிலிருந்து சிதம்பரம் போகும் தூரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு, சின்ன எண் இல்லை.

கணக்கு எளிது. காசிமேட்டில் லாஞ்சு ஓட்டும் டிரைவர் யாரைக் கேட்டாலும் அதன் அடிப்படையைச் சொல்வார், ஜிபிஎஸ் பெட்டியில் அவர் தினமும் பார்ப்பது அதைத்தான். வடக்கு தெற்காக ஒரு பாகை நகர்ந்தால் 60 கடல் மைல். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். கிழக்கு மேற்காக நகரும்போது பூமத்திய ரேகையில் அதே 60 கடல் மைல்தான். துருவத்தை நோக்கிப் போகப்போக அது சுருங்கும். நம் அட்சரேகையில் சுருக்கம் அதிகமில்லை. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் நடுவில் ஒரு பாகைக்கு ஏறக்குறைய 58.6 கடல் மைல் என்று வைத்துக்கொள்ளலாம்.

மீனம்பாக்கம் இருப்பது வடக்கே 12.99 பாகை, கிழக்கே 80.17 பாகை. போர்ட் பிளேர் விமான நிலையம் வடக்கே 11.64, கிழக்கே 92.73. தெற்கு நோக்கி 1.35 பாகை இறங்க வேண்டும், அது 81 கடல் மைல். கிழக்கு நோக்கி 12.56 பாகை போக வேண்டும், அது 736 கடல் மைல். இரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாக வைத்து, பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் கணக்கைப் போட்டால் குறுக்கே 740 கடல் மைல் வருகிறது. அதை 1.852-ஆல் பெருக்கினால் 1,370 கிலோமீட்டர்.

இந்தப் பக்கத்தில் ஒரு பென்சிலை எடுத்து ஒருமுறை போட்டுப் பாருங்கள். சென்னையிலிருந்து கொழும்பு, யாங்கோன், சிங்கப்பூர் என்று நம் பக்கத்து ஊர்கள் எல்லாவற்றுக்கும் இந்த முறை போதும். லண்டன், நியூயார்க் மாதிரி மிகத் தொலைவான ஊர்களுக்கு மட்டும் இது சரிவராது. பூமி உருண்டை என்பதால் அங்கே குறுக்குவழி வடக்குப் பக்கமாக வளைந்து போகும்.

வானத்தில் எவ்வளவு நேரம்

கப்பலின் வேகத்தையும் விமானத்தின் வேகத்தையும் ஒரே அளவில்தான் சொல்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு கடல் மைல் போனால் அது ஒரு நாட். இந்த வழித்தடத்தில் பறக்கும் ஏர்பஸ் 320 மாதிரியான விமானங்கள் உயரத்துக்கு ஏறிய பிறகு சுமார் 450 நாட் வேகத்தில் போகும். 740-ஐ 450-ஆல் வகுத்தால் ஒரு மணி நாற்பது நிமிடம்.

ஆனால் டிக்கெட்டில் இரண்டு மணி பத்து நிமிடத்திலிருந்து இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம் வரை போட்டிருப்பார்கள். மீதி நேரம் எங்கே போகிறது? டிக்கெட்டில் உள்ள நேரம் பறக்கும் நேரம் அல்ல. விமானம் நின்ற இடத்தைவிட்டு அசைவதிலிருந்து, அந்த ஊரில் போய் நிற்கும் வரைக்குமான நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, மெதுவாக மேலே ஏறுவது, இறங்கும்போது வேகத்தைக் குறைத்துச் சுற்றி வருவது எல்லாம் அதில் அடங்கும். கூடவே தாமதத்துக்கென்று கொஞ்சம் இடைவெளியும் விட்டு வைப்பார்கள். அதனால்தான் சில நாள் தாமதமாகக் கிளம்பிய விமானமும் சொன்ன நேரத்துக்கே இறங்கிவிடுகிறது.

காற்றும் கணக்கில் வரும். ஆனி, ஆடி மாதங்களில் நம் கரையில் அடிப்பது கச்சான், மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று. அதை வைத்து, கிழக்கே போகும் விமானத்தைக் காற்று பின்னாலிருந்து தள்ளும் என்று நினைப்போம். மேலே நிலைமை தலைகீழ். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் பல கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெரிய காற்றோட்டம் தென்னிந்தியாவின் மேல் ஓடுகிறது. இதை 1950-களில் ஆராய்ந்து உலகுக்கு எடுத்துச் சொன்னவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம். அந்த ஓட்டத்தின் நடுப்பகுதி நம் சென்னையின் அட்சரேகையை ஒட்டியே போகிறது. விமானம் பறக்கும் உயரத்தில் 40 நாட் எதிர்காற்று என்று வைத்துக்கொள்வோம். போகும்போது ஒரு மணி 48 நிமிடம் ஆகும். திரும்பி வரும்போது அதே காற்று தள்ளுவதால் ஒன்றரை மணி நேரம் போதும். பருவமழை மாதங்களில் போகும் நேரமும் வரும் நேரமும் கால் மணி நேரம் வேறுபடுவதற்கு இது ஒரு காரணம்.

பருவமழைக் காலத்தில் இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. போர்ட் பிளேரில் மழை கொட்டி ஓடுபாதை தெரியாமல் போனால், பக்கத்து ஊரில் இறங்கிக் காத்திருக்கலாம் என்ற வசதி அங்கே கிடையாது. சுற்றிலும் கடல். கொஞ்ச நேரம் வட்டமடித்துப் பார்த்துவிட்டு விமானம் சென்னைக்கே திரும்பிவிடும். அதற்கு வேண்டிய எரிபொருளோடுதான் கிளம்புகிறது, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் நான்கைந்து மணி நேரம் வானத்தில் இருந்துவிட்டு மறுபடி மீனம்பாக்கத்தில் வந்து இறங்க நேரிடலாம். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை போகிறவர்கள், போய் இறங்கும் அன்றே கல்யாணம், வேலையில் சேரும் நாள், மருத்துவரைப் பார்க்கும் நேரம் என்று எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள். திரும்பும்போதும், சென்னையில் இறங்கி அன்று மாலையே எழும்பூரில் ரயில் பிடிக்கும் திட்டம் வேண்டாம்.

எண்ணூரிலிருந்து மீனம்பாக்கம்

1,370 கிலோமீட்டர் கடலைத் தாண்டுவதைவிட இந்த 30, 40 கிலோமீட்டர்தான் நம்மை அதிகம் சோதிக்கும்.

நல்ல செய்தி, மெட்ரோ. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீலவழித்தடம் நீண்டது. மறு ஆண்டு விம்கோ நகர் டெப்போ நிலையமும் திறந்தது. அங்கே ஏறினால் வண்டி மாறாமல் நேரே விமான நிலையத்தில் இறங்கலாம். சுமார் 32 கிலோமீட்டர், ஏறக்குறைய ஒரு மணி நேரம். திருவொற்றியூர்க்காரர்களுக்கு திருவொற்றியூர், தேரடி, காலடிப்பேட்டை, டோல்கேட் என்று நான்கு நிலையங்கள். காசிமேட்டுக்காரர்களுக்குத் தண்டையார்பேட்டை, ராயபுரத்துக்காரர்களுக்கு தியாகராயா கல்லூரி அல்லது வண்ணாரப்பேட்டை வசதி. எண்ணூர், கத்திவாக்கத்திலிருந்து வருகிறவர்கள் ஆட்டோவிலோ பஸ்ஸிலோ விம்கோ நகர் வந்து ஏறலாம். பெட்டி படுக்கையோடு மாநகரைக் குறுக்கே கடப்பதற்கு இதைவிட நம்பகமான வழி இன்று வடசென்னைக்குக் கிடையாது என்பது என் திடமான கருத்து.

ஆனால் மெட்ரோவின் முதல் வண்டி விடிகாலை ஐந்து மணியை ஒட்டித்தான். அதில் ஏறினால் ஆறு மணிக்கு விமான நிலையம். பெட்டி வாங்கும் கவுண்டரை விமானம் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பாகவே மூடிவிடுவார்கள். ஆகவே எட்டு மணிக்கு முன்னால் கிளம்பும் விமானத்துக்கு மெட்ரோவை நம்ப வேண்டாம். அந்தமான் விமானங்களில் விடிகாலையில் கிளம்புபவை உண்டு, அவற்றுக்கு வாடகைக் கார்தான் வழி.

காரில் போனால் நேரக் கணக்கை ட்ரெய்லர் லாரிகள் தீர்மானிக்கும். சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூரின் காமராஜர் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் போகிற வருகிற கன்டெய்னர் வண்டிகள் எண்ணூர் விரைவுச்சாலையிலும் மணலிச் சாலையிலும் இரவு பகல் பாராமல் ஓடுகின்றன. சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் வரிசை நீண்டுவிட்டால் அதன் வால் எங்கே முடியும் என்று யாரும் சொல்ல முடியாது. கிளம்புவதற்கு முந்தின இரவே, துறைமுகத்தில் வேலை பார்க்கும் அக்கம்பக்கத்தவர் யாரிடமாவது வரிசை எப்படி இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். கூகுள் வரைபடத்தைவிட அந்தப் பதில் பல நேரம் சரியாக இருக்கும். மீஞ்சூர், அத்திப்பட்டுப் பக்கம் இருப்பவர்கள் வண்டலூர் வெளிவட்டச் சாலையையும் யோசிக்கலாம். அறுபது கிலோமீட்டர் சுற்றிப் போய், வண்டலூரிலிருந்து மறுபடி வடக்கே வர வேண்டும். தூரம் அதிகம், நேரம் நிச்சயம். விடிகாலை விமானத்துக்கு எனக்கு அந்த நிச்சயம்தான் பெரிது.

இன்னொன்று, சென்னையில் உள்நாட்டு விமானங்கள் முதலாம் முனையத்திலிருந்தும் நான்காம் முனையத்திலிருந்தும் கிளம்புகின்றன. எது என்று டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது மொத்தமாகக் கூட்டிப் பார்க்கலாம். திருவொற்றியூர் வீட்டிலிருந்து மெட்ரோ நிலையத்துக்குக் கால் மணி, மெட்ரோவில் ஒரு மணி, விமான நிலையத்தில் இரண்டு மணி, விமானம் இரண்டேகால், அங்கே பெட்டி எடுத்து ஊருக்குள் போக ஒரு மணி. ஆறரை மணி நேரம். விடிகாலை விமானம் என்றால் இரவுத் தூக்கத்தையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கப்பலில் போனால்

அதே 740 கடல் மைல்தான். அந்தமான் கப்பல்கள் 15 நாட் வேகத்தில் ஓடும் என்று வைத்தால் 49 மணி நேரம் வருகிறது. நடைமுறையில் 60 மணி நேரத்தை ஒட்டியோ அதற்கு மேலோ ஆகும். காரணம் வரைபடத்தைப் பார்த்தால் விளங்கும். போர்ட் பிளேர் தெற்கு அந்தமான் தீவின் கிழக்குக் கரையில் இருக்கிறது, நாமோ மேற்கிலிருந்து வருகிறோம். விமானம் தீவின் மேலாகப் பறந்துவிடும். கப்பல் தெற்கே இறங்கி, சின்ன அந்தமானுக்கு வடக்கே உள்ள டங்கன் கால்வாய் வழியாக மறுபக்கம் போய், பிறகு வடக்கே ஏறித்தான் போர்ட் பிளேரின் ஹாடோ துறையைப் பிடிக்க வேண்டும். துறையில் இடம் காலியாகவில்லை என்றால் வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் நேரம் தனி.

எம்.வி. நான்கௌரி, எம்.வி. நிக்கோபார், எம்.வி. ஸ்வராஜ் தீப் போன்றவை இந்தத் தடத்தில் ஓடியிருக்கும் கப்பல்கள். அந்தமான் நிர்வாகத்தின் கப்பல் துறை இந்தச் சேவையை நடத்துகிறது. வாரத்துக்கு இந்த நாள் என்ற நிலையான அட்டவணை கிடையாது. கப்பல் பழுதுபார்க்கப் போனால் வாரக்கணக்கில் சேவையே இல்லாமலும் போகும். ஆகவே விடுமுறையை முதலில் எடுத்துவிட்டுக் கப்பலைத் தேடாதீர்கள். புறப்படும் தேதி அறிவிப்பு வந்ததும் ராஜாஜி சாலையில் உள்ள அலுவலகத்தில் டிக்கெட் எடுத்து, துறைமுகத்தின் எந்த கேட் வழியாக எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள் என்பதையும் அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அசல் அடையாள அட்டை இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாது. ராயபுரத்திலிருந்து துறைமுகம் ஆட்டோவில் போகும் தூரம்தான் என்றாலும், கேட்டுக்குள் போன பிறகு பாதுகாப்புச் சோதனை, பஸ்ஸில் கப்பலடிக்குப் போவது, ஏணி ஏறுவது என்று அரை நாள் ஓடிவிடும்.

யாருக்குக் கப்பல் நல்லது? அங்கே குடிபெயர்கிற குடும்பத்துக்கு, தட்டுமுட்டுச் சாமானோடு வேலைக்குப் போகிறவருக்கு, விமானக் கட்டணம் எகிறியிருக்கும் பண்டிகைக் காலத்தில் ஊர் திரும்ப வேண்டிய தொழிலாளிக்கு. சுற்றுலாவுக்கு ஒரு வாரம் லீவு போட்டவர், போக மூன்று நாள் வர மூன்று நாள் என்றால் தீவில் எப்போது இருப்பார்? அவர் விமானத்தில் போவதே முறை. கப்பலைப் பார்க்கும் ஆசை இருந்தால், நீண்ட விடுமுறையில் ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள் போகும்போது கப்பலில் போய், வரும்போது விமானத்தில் வாருங்கள். கடல் அப்போதுதான் பெரும்பாலும் அடங்கியிருக்கும். வாந்தி வராமலிருக்க மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், போர்வை எடுத்துப் போங்கள். கரை மறைந்ததும் கைபேசி அலைவரிசையும் போய்விடும். வீட்டிலிருப்பவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, இல்லையென்றால் அவர்கள் இரண்டு நாள் தவித்துப்போவார்கள்.

இதே கடலை ஓர் அலை கடந்த நேரம்

பயண நேரத்தைப் பற்றிய அத்தியாயத்தில் இது எதற்கு என்று தோன்றலாம். நம் கரையில் வாழ்கிறவர்கள் இந்தத் தூரத்தை அறிந்திருக்க வேண்டிய மிகப் பெரிய காரணமே இதுதான் என்பதால் எழுதுகிறேன்.

2004 டிசம்பர் 26 காலை இந்திய நேரம் 6 மணி 29 நிமிடத்தை ஒட்டி சுமத்ராவுக்கு அருகே கடலடித் தட்டு பிளக்கத் தொடங்கியது. அந்தப் பிளவு வடக்கே நிக்கோபார், அந்தமான் வரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஓடியது. சென்னைக் கரையை அலை தொட்டது ஒன்பது மணி வாக்கில். ராயபுரத்திலிருந்து எர்ணாவூர் வரை நம் குப்பங்களை அது என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டரை மணி நேரம். போர்ட் பிளேருக்கு நாம் எடுக்கும் விமான டிக்கெட்டில் இருக்கும் நேரத்துக்கு ஏறக்குறைய சமம்.

அலை இத்தனை வேகமாக வந்ததற்குக் காரணம் உண்டு. சுனாமி அலையின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. ஆழத்தை மீட்டரில் எடுத்து 9.8-ஆல் பெருக்கி, வர்க்கமூலம் கண்டால் வினாடிக்கு எத்தனை மீட்டர் என்று வரும். நமக்கும் அந்தமானுக்கும் இடையே வங்கக்கடல் ஏறத்தாழ 3,000 மீட்டர் ஆழம். கணக்குப் போட்டால் வினாடிக்கு 171 மீட்டர், மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். கரையை நெருங்கி ஆழம் குறையும்போதுதான் அது வேகம் தணிந்து உயரமாக எழும்.

அன்று அந்த இரண்டரை மணி நேரம் யாருக்கும் பயன்படாமல் கழிந்தது. 2007-லிருந்து ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் சுனாமி எச்சரிக்கை மையம் இரவு பகலாக இதே தூர நேரக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறது. அந்தமான் பக்கம் பெரிய நிலநடுக்கம் என்று செய்தி கேட்டால், சென்னைக்கு இருப்பது இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் என்று மனதில் குறித்துக்கொண்டு, எச்சரிக்கை வந்ததும் கரையைவிட்டு உள்ளே நடந்துவிடுங்கள். போர்ட் பிளேரில் இருக்கும்போது அப்படி நடந்தால் அவகாசமே இராது. நிலம் வலுவாக ஆடி நின்ற உடனே, யார் சொல்லுக்கும் காத்திராமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

கடிகாரம் மாறாது, சூரியன் மாறும்

அந்தமானிலும் இந்திய நேரம்தான், கடிகாரத்தைத் திருத்த வேண்டாம். ஆனால் ஒரு பாகை கிழக்கே போனால் சூரியன் நான்கு நிமிடம் முந்தும். பன்னிரண்டரைப் பாகைக்கு ஐம்பது நிமிடம். டிசம்பரில் சென்னையில் மாலை ஐந்தே முக்காலுக்குப் பொழுது சாய்ந்தால், போர்ட் பிளேரில் ஐந்து மணிக்கே சாய்ந்துவிடும். காலையில் ஐந்து மணிக்கு எழுந்தால் நம் ஊரின் ஐந்தே முக்கால் மாதிரி வெளிச்சம் இருக்கும். ஊர் இதற்கேற்றபடி சீக்கிரம் விழித்துச் சீக்கிரம் அடங்குகிறது.

டிக்கெட் எடுக்கும்போதே இதை யோசிக்க வேண்டும். மாலையில் இறங்கும் விமானம் மலிவாகக் கிடைத்தாலும் அன்றைய பகல் போய்விட்டது என்று அர்த்தம். ஹேவ்லாக் எனப்படும் ஸ்வராஜ் தீவுக்கு அன்றே போக நினைப்பவர்கள் முற்பகலிலேயே இறங்கிவிட வேண்டும், படகுகள் மதியத்தோடு குறைந்துவிடும். போர்ட் பிளேருக்குப் போக இந்தியக் குடிமக்களுக்குத் தனி அனுமதி வேண்டாம். நிக்கோபார் தீவுகளுக்கு வேண்டும். மொழிக் கவலையும் வேண்டாம். 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரில் சுமார் 15 சதவீதத்தினரின் தாய்மொழி தமிழ். நிக்கோபாரின் கட்சால் தீவில் இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களைக்கூட ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள்.

இதே முறையில் சிங்கப்பூர்

அந்தக் காலத்தில் ரஜூலா கப்பலிலும், பிறகு 1985 தீ விபத்து வரை சிதம்பரம் கப்பலிலும் சென்னைத் துறைமுகத்திலிருந்து நம்மவர்கள் போன தடம் இது. இப்போது விமானம் மட்டும்தான். சாங்கி விமான நிலையம் வடக்கே 1.35, கிழக்கே 103.99. கணக்குப் போட்டால் 1,580 கடல் மைல், 2,900 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 450-ஆல் வகுத்தால் மூன்றரை மணி. டிக்கெட்டில் நான்கு முதல் நான்கேகால் மணி வரை இருக்கும்.

இங்கே கடிகாரம் மாறும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். டிக்கெட்டில் புறப்படும் நேரம் சென்னைக் கடிகாரத்திலும் சேரும் நேரம் சிங்கப்பூர்க் கடிகாரத்திலும் அச்சாகியிருக்கும். இரவு 11 மணிக்குக் கிளம்பி மறுநாள் காலை 5.45-க்குச் சேரும் என்று இருந்தால், கழிந்தது ஆறே முக்கால் மணி அல்ல, நான்கேகால் மணிதான். திரும்பும்போது இரவு 8 மணிக்குக் கிளம்பி 9.45-க்குச் சேரும் என்று போட்டிருக்கும். ஒன்றே முக்கால் மணியில் வந்துவிடலாம் என்று நினைத்து, பயணத்தின்போது மருந்து வேளையைத் தவறவிடாதீர்கள். குறிப்பாகச் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்கள் இடையில் எத்தனை மணி நேரம் உண்மையில் கழிகிறது என்பதைத் தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டிவிட்டுக் கிளம்ப வேண்டும். 9.45-க்கு இறங்கினால் குடிவரவு, பெட்டி எல்லாம் முடியப் பதினொன்றை நெருங்கிவிடும். விம்கோ நகர் பக்கம் போகும் கடைசி மெட்ரோ அந்த நேரத்தை ஒட்டித்தான். முடிந்தால் பகல் விமானத்தில் திரும்புங்கள், இல்லையென்றால் வீட்டிலிருந்து வண்டிக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.